மச்சான் என்னைக் குதிரையாக்கிய நாலு நாள்

ஜூன் 11, புதன் – கல்லடி

முதலே சொல்லிவிடுகிறேன், இந்தப் பயணத்தில் குதிரை ஒன்றும் வரவில்லை. குதிரையின் இடத்தில் நான்தான் இருந்தேன்.

மாமாவின் மகன் அபுதாபிப் பக்கம் ஒரு குதிரை லாயத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறான். நெடுந்தூரப் போட்டிக்கென்றே குதிரை வளர்க்கிற இடம். இவனுடைய வேலை குதிரைக்குத் தண்ணீர் ஊற்றுவது, சேணம் கழற்றுவது, காலைத் தடவிப் பார்ப்பது. லீவில் வந்தவனிடம், மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்குச் சைக்கிளில் போவோமா என்று கேட்டேன். நூற்றுச் சொச்சம் கிலோமீற்றர், மேடு பள்ளம் இல்லாத கடலோர வீதி, மூன்று நாளில் ஆறுதலாகப் போய்விடலாம். அவன் சிரித்தான். அவனுடைய குதிரைகள் 160 கிலோமீற்றரை ஒரே நாளில் முடிக்குமாம். "அப்ப என்னையும் ஒரு குதிரை எண்டு நினைச்சுக்கோ" என்று சும்மா சொல்லிவைத்தேன். எழும்பி உள்ளே போனவன் பெட்டிக்குள்ளிருந்து ஒரு ஸ்டெதஸ்கோப்போடு வந்தான்.

மாமி அவித்த பிட்டும் எறால் குழம்பும் சாப்பிட்டுவிட்டு ராத்திரி கல்லடிப் பாலத்துக்குப் போனோம். நேற்றுத்தான் போயா, நிலவு கொஞ்சமும் குறையவில்லை. பாலத்தில் காற்று வாங்க வந்த கூட்டம், கச்சான் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள், தூண்டில் போட்டுவிட்டு அசையாமல் நிற்கும் இரண்டு கிழவர்கள். தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியில் காதை வைத்தால் மீன் பாடுவது கேட்கும் என்பார்கள். எனக்கு அந்தப் பாக்கியம் இன்றைக்கும் இல்லை. அதற்குப் பதில் மச்சான் என் நெஞ்சில் குழாயை வைத்து எண்ணினான். 76.

"நீ படுத்துக் கிடந்தாலே அவுட்" என்றான்.

அப்புறம்தான் விளக்கம் வந்தது. நெடுந்தூரக் குதிரைப் போட்டி என்றால் முதலில் வந்தவனுக்கு முதலிடம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனத்தின் விதிப்படி தூரத்தைச் சுற்றுச் சுற்றாக வெட்டிவிடுகிறார்கள், ஒரு சுற்று 40 கிலோமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. சுற்று முடிந்து குதிரை உள்ளே வந்தாலும் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். சேணத்தைக் கழற்றி, கழுத்தில் போத்தல் போத்தலாகத் தண்ணீர் ஊற்றி, நடக்கவிட்டு, நெஞ்சுத் துடிப்பு நிமிடத்துக்கு 64க்கு இறங்கிவிட்டது என்று தெரிந்த பிறகு மிருக வைத்தியரின் எல்லைக்குள் கொண்டுபோக வேண்டும். அங்கே காலடி வைத்த நேரம்தான் வந்துசேர்ந்த நேரம். எல்லாம் 15 நிமிடத்துக்குள். அவசரப்பட்டுக் கொண்டுபோய் 70 காட்டினால், அதே 15 நிமிடத்துக்குள் இன்னொரு தடவை காட்டலாம். அதிலும் இறங்காவிட்டால் வீட்டுக்கு. இறங்கினால் நாற்பது நிமிடமோ அதற்கு மேலோ கட்டாய ஓய்வு, அந்தக் கணக்கும் அந்த நிமிடத்திலிருந்துதான் தொடங்கும்.

ஆக ஐந்து நிமிடம் முந்தி வந்த குதிரை ஆற எட்டு நிமிடம் கூடுதலாக எடுத்தால், அது மூன்று நிமிடம் பிந்திப்போன குதிரை. பாலத்தில் நின்று இரண்டு தடவை கணக்குப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது.

குதிரைக்குச் சும்மா நிற்கும்போது முப்பது நாற்பதுதான் துடிப்பாம். அதனால் எனக்காக விதியைத் திருத்தினோம்: ஒவ்வொரு தரிப்பிலும் 15 நிமிடத்துக்குள் 100. பந்தயம் ஒரு சட்டி எருமைத் தயிர்.

ஜூன் 12, வியாழன் – கல்முனை

காலை ஆறரைக்கே வெயில் முதுகில் ஏறிவிட்டது. எட்டு மணிக்கெல்லாம் கச்சான் காற்று. தின்கிற நிலக்கடலைக் கச்சான் அல்ல, மேற்கிலிருந்து சுடச்சுட வந்து உதட்டைக் காயவைக்கிற காற்று. வெளியூர்க்காரர் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஒருநாள் இதில் சைக்கிள் மிதித்துப் பார்க்கட்டும்.

காத்தான்குடியில் வீதியின் நடுவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன, காயும் பிடித்திருந்தது. மச்சான் சைக்கிளை நிற்பாட்டி அண்ணாந்து பார்த்தான். "இதைப் பாக்கவா நான் இவ்வளவு செலவழிச்சு அந்தப் பக்கம் போனேன்." ஹஜ்ஜுப் பெருநாள் போன கிழமைதான் முடிந்தது, பாதிக் கடைகள் இன்னும் சோம்பலாகத் திறந்துகொண்டிருந்தன. கால் கிலோ மஸ்கற் இனிப்பு வாங்கினோம். எண்ணெயில் மினுங்கிக்கொண்டு, பல்லில் ஒட்டாமல், அருமை. களுவாஞ்சிகுடியில் இடியப்பம், சொதி, சம்பல், இரண்டு தேத்தண்ணி, எல்லாமாக 520 ரூபாய். கடைக்காரம்மா மிச்சக் காசு தரும்போது "மனே, வெயிலுக்க ஓடாதீங்க" என்றார். நான் ஓடினேன்.

பெரியகல்லாற்றுக்குப் பிறகு எனக்கு ஏனோ வேகம் பிடித்துவிட்டது. மச்சான் பின்னால் ஒரே சீராக, கிழவன் மாதிரி மிதித்துக்கொண்டு வந்தான். கல்முனையில் பேசிவைத்திருந்த தேத்தண்ணிக் கடையடிக்கு நான் அவனைவிட 22 நிமிடம் முந்தி வந்தேன். அவன் வந்து சேர்ந்தபோது காலை நீட்டிக்கொண்டு இரண்டாவது சோடா குடித்துக்கொண்டிருக்கிறேன். வெற்றிதானே?

"வந்து எத்தனை நிமிசம்?"

"இருபத்திரண்டு."

குழாயை வைத்தான். 112. வந்தவுடன் முகம் கழுவவில்லை, சேட்டைத் தளர்த்தவில்லை, வெயில் விழுகிற வாங்கில் குந்தியிருந்து குளிர்ச் சோடாவை மடக்கு மடக்கென்று குடித்திருக்கிறேன். அவன் முதலில் செய்தது, கடைக்கு இருநூறு மீற்றர் முன்னாலேயே இறங்கி சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தது. பிறகு பின்பக்கக் குழாயில் தலையையும் கழுத்தையும் நனைத்து, நிழலில் நின்றான். நாலாவது நிமிடம் நானே எண்ணினேன், 88. குதிரையிலும் இதே தந்திரம்தானாம். ஓடி வந்து நிற்பாட்டுகிறவன் தோற்பான், கடைசிக் கொஞ்சத் தூரத்தை மெதுவாக வருகிறவனுக்கு வாசலிலேயே துடிப்பு பாதி இறங்கியிருக்கும்.

அமெரிக்காவில் 25 முதல் 35 மைல் வரையான குறுந்தூரப் பிரிவு ஒன்று இருக்கிறதாம். அதில் கடைசிக் கோட்டிலும் இதே சட்டம், துடிப்பு 60க்கு இறங்கினால்தான் ஓட்டம் முடிந்ததாக நேரம் எழுதுவார்கள். 50 மைல், 100 மைல் ஓட்டங்களில் கோட்டைத் தாண்டிய நேரம்தான் நேரம், ஆனால் பிறகு நடக்கும் பரிசோதனையில் குதிரை தேறாவிட்டால் அந்த நேரத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 1972இல் தொடங்கிய அவர்களுடைய சங்கத்தில் "முடித்தாலே வென்ற மாதிரி" என்பதுதான் தாரக மந்திரம். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. மச்சானுக்கு இல்லை, "நீ இன்னும் முடிக்கேல்ல" என்றான்.

இதற்கிடையில் கடைக்கார நானா ஸ்டெதஸ்கோப்பைக் கண்டுவிட்டார். "டொக்டர், எனக்கும் ஒருக்கா பாருங்க." குதிரைக்குப் பார்க்கிறவன் என்று மச்சான் எவ்வளவு சொல்லியும் விடவில்லை. "அதுக்கென்ன தம்பி, வீட்டில என்னையும் குதிரை மாதிரித்தான் வேலை வாங்குறாங்க." நானாவுக்குப் பிறகு பரோட்டா போடுகிறவர், அவருக்குப் பிறகு ஒரு லொத்தர்காரர். தேத்தண்ணிக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள்.

ராத்திரி தங்கிய லொட்ஜைப் பற்றிச் சொல்லாமல் விடுவதே நல்லது. 3,500 ரூபாய்க்கு ஒரு மின்விசிறி, அதுவும் சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஜூன் 13, வெள்ளி – திருக்கோவில்

காரைதீவில் விபுலாநந்த அடிகள் பிறந்த வீட்டடியில் கொஞ்சம் நின்றோம். 1892இல் பிறந்தவர் என்று சொன்னேன். மச்சானுக்கு அவர் எழுதிய யாழ் நூலும் தெரியாது ஒன்றும் தெரியாது, ஆனால் வருடத்தைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தான். அதே 1892இல்தான் பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் இடையில் ஜெர்மன், ஆஸ்திரிய இராணுவ அதிகாரிகளை எதிரும் புதிருமாக ஓடவிட்டார்களாம், அறுநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட. வைத்தியர் வாசலும் இல்லை, கட்டாய ஓய்வும் இல்லை, கடிகாரம் மட்டும்தான். ஸ்டார்ஹெம்பர்க் என்ற ஆஸ்திரியர் 71 மணித்தியாலச் சொச்சத்தில் போய் வென்றார். ஜெர்மன் பக்கத்தில் முதலாவதாக வந்தவரின் குதிரை ஓட்டம் முடிந்த பிறகு செத்தது, வழியில் விழுந்த குதிரைகளும் நிறைய. லாயத்தில் பழைய ஆட்கள் இந்தக் கதையைச் சொல்லித்தான் புதிதாக வருகிறவனுக்கு வேலை பழக்குவார்களாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரம், அடிகளின் ஊரில் செத்த குதிரைகளைப் பற்றிப் பேசிக்கொண்டு நின்றோம்.

நிந்தவூர் தாண்டி அட்டாளைச்சேனைக்குக் கிட்ட என் பின் டயர் வெடித்தது. சும்மா பஞ்சர் இல்லை, டயரே விரல் நீளத்துக்குக் கிழிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை, நேரம் பன்னிரண்டே கால். இந்த ஊர்களில் அந்த நேரத்துக்குச் சைக்கிள் கடை திறந்திருக்கும் என்று நினைப்பவனுக்குப் புத்தி கிடையாது. எல்லாக் கடையும் ஜும்ஆவுக்குப் பூட்டு, வீதியில் வெள்ளைத் தொப்பிகள் மட்டும். ஓட்டோக்காரர் ஒருவர் 1,500 கேட்டார், அவரும் பள்ளிக்குப் போகிற அவசரத்தில்தான் இருந்தார். கடைசியில் மரக்கறி ஏற்றிக்கொண்டு போன ஒரு பட்டா லொறிக்காரர் இரக்கப்பட்டார். முன்னால் இடமில்லை, சைக்கிளை மட்டும் மூட்டைகளுக்கு மேல் போட்டு அக்கரைப்பற்றுச் சந்தையில் இறக்கிவிடுவார். காசு? "போங்க தம்பி." பெயரும் சொல்லவில்லை, போன் நம்பரும் தரவில்லை. சைக்கிள் இனிக் கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

மிச்சம் ஒரு சைக்கிள், இரண்டு பேர், கரியரும் இல்லை. மச்சானுக்கோ ஒரே புழுகம். இதற்கும் ஒரு போட்டி இருக்கிறதாம்! இரண்டு ஆட்களுக்கு ஒரு குதிரை. ஒருவர் ஏறிக் கொஞ்சத் தூரம் முன்னால் போய், குதிரையை மரத்தில் கட்டிவிட்டு ஓடத் தொடங்குவார். பின்னால் ஓடி வருகிறவர் குதிரையை அவிழ்த்து ஏறி, முன்னவரைக் கடந்துபோய் மறுபடியும் கட்டுவார். இப்படியே மாறி மாறி. 1971இல் கலிபோர்னியாவில் போட்டியாகத் தொடங்கினது. ஒரு ஆள் முந்திப் போய்ச் சேர்ந்து பலனில்லை, மூன்று உயிரும் கோட்டைத் தாண்டினால்தான் நேரம் நிற்கும்.

அப்படியே செய்தோம். அவன் ஒரு கிலோமீற்றர் போய் சைக்கிளை லைட் கம்பத்தில் சாய்த்துவிட்டு நடப்பான், நான் வியர்த்து வடிய நடந்து வந்து எடுப்பேன். இரண்டாவது கம்பத்தில் சைக்கிளைக் காணவில்லை. நெஞ்சு திக்கென்றது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெரியம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, "வெயிலுக்க நிண்டிச்சி வாப்பா, அதான் உள்ளுக்கு எடுத்து வச்சன்" என்றார். ஒரு குவளை மோரும் தந்தார். இந்த விதி கலிபோர்னியாவில் இருக்காது.

அக்கரைப்பற்றுச் சந்தையில் என் சைக்கிள் வெங்காயச் சருகோடு ஒரு கடைச் சுவரில் சாய்ந்து நின்றது. புது டயர் 2,400. மூன்று மணிக்கு மீன் சோறு, 450, பசியில் எந்த மீன் என்றும் கேட்கவில்லை.

பின்னேரம் திருக்கோவில். கோயிலுக்கு முன்னால் கடல், மணலில் கதிர்காமப் பாதயாத்திரைக்காரர்கள் ஈர வேட்டி காயப்போட்டிருந்தார்கள். மச்சான் அங்கே எனக்கு இன்னொரு சோதனை வைத்தான். துடிப்பை எண்ணுவது, 125 அடி ஓடவிட்டுத் திரும்பி வரச்சொல்வது, ஓடத் தொடங்கிய நேரத்திலிருந்து சரியாக ஒரு நிமிடத்தில் மறுபடியும் எண்ணுவது. ரிட்ஜ்வே என்ற மிருக வைத்தியர் கொண்டுவந்த முறை. நல்ல குதிரைக்கு இரண்டாவது எண்ணிக்கை முதலாவதற்குச் சமமாகவோ குறைவாகவோ இருக்கும், நாலுக்கு மேல் கூடினால் உள்ளே ஏதோ சரியில்லை, வைத்தியர் கவனமாகப் பார்ப்பார். எனக்கு முதலாவது 92, இரண்டாவது 121.

"இது குதிரையே இல்லை" என்று எழுதிக்கொண்டான். அவன் உண்மையிலேயே கொப்பியில் எழுதுகிறான். உதட்டைப் பிதுக்கிப் பல் முரசை விரலால் அமுக்கி, வெளிறிய இடத்தில் இரத்தம் திரும்ப எத்தனை செக்கன் என்று பார்த்தான், தோலைக் கிள்ளி எவ்வளவு நேரத்தில் படிகிறது என்று பார்த்தான், வயிற்றில் குழாயை வைத்து இரைச்சல் கேட்டான். குதிரையின் வயிறு அமைதியாகிவிட்டால் ஆபத்தாம். என் வயிறு மீன் சோற்றோடு நன்றாகவே பேசிக்கொண்டிருந்தது, அதற்கு மட்டும் முதல் தரம்.

ராத்திரி மணலில் படுத்துக்கொண்டு மொங்கோலியப் போட்டியைச் சொன்னான். 1,000 கிலோமீற்றர், செங்கிஸ்கானின் அஞ்சல் வழி மாதிரி நாற்பது கிலோமீற்றருக்குக் கிட்ட ஒவ்வொரு தரிப்பிலும் குதிரை மாற்ற வேண்டும். 2013இல் முதலாவதாகக் கோட்டைத் தாண்டிய அமெரிக்கப் பெண்ணின் குதிரைக்குத் துடிப்பு குறித்த நேரத்தில் இறங்கவில்லை. நேரத் தண்டனை விழுந்தது, பின்னால் வந்த 19 வயது ஆங்கிலேயப் பெண் வென்றார். அத்தனை நாள் ஓடிவிட்டுக் கடைசியில் நின்றுகொண்டு தோற்பது! எனக்கு நித்திரை வரவே நேரமாயிற்று.

ஜூன் 14, சனி – பொத்துவில்

விடிய ஐந்தரைக்குக் காலைப் பிடித்து இழுத்தான். கலிபோர்னியாவில் 1955இலிருந்து நடக்கிற 100 மைல் ஓட்டத்தில், 24 மணித்தியாலத்துக்குள் முடித்தவர்களுக்கெல்லாம் வெள்ளி இடுப்புப்பட்டிக் கொக்கி. முதல் பத்துக் குதிரைகளில் எது நல்ல நிலையில் இருக்கிறது என்பதற்கு வேறொரு கிண்ணம், அந்தத் தீர்ப்பு மறுநாள் காலையில்தான். ராத்திரி நன்றாக நின்ற குதிரை விடிந்ததும் விறைத்துப்போய் நிற்குமே, அதைப் பார்க்கத்தான். நான் விறைத்துப்போய்த்தான் நின்றேன். கோயில் வீதியில் பால் தேத்தண்ணி 100 ரூபாய், அதைக் குனிந்து எடுக்கவே முடியவில்லை.

கடைசி நாளுக்குச் சட்டத்தை மாற்றினான். 1961இல் தொடங்கிய ஒரு அமெரிக்கச் சங்கம் இன்னொரு வகைப் போட்டி நடத்துகிறது, அதில் வேகமாக வந்தால் பரிசில்லை. இந்த நேரத்துக்கும் இந்த நேரத்துக்கும் இடையில் வந்துசேர வேண்டும் என்று ஒரு இடைவெளி கொடுப்பார்கள், முந்தினாலும் புள்ளி போகும், பிந்தினாலும் போகும். வழியில் எங்கெங்கோ நடுவர்கள் நிற்பார்கள். குதிரைக்கு ஒரு தீர்ப்பு, ஓட்டுகிறவருக்குத் தனியாக ஒரு தீர்ப்பு: எப்படி ஏறினான், பள்ளத்தில் எப்படி இறங்கினான், ராத்திரி எப்படிக் கட்டினான். தரிப்புக்கு வந்து பத்து நிமிடம் நின்ற பிறகு துடிப்பும் மூச்சும் எண்ணுவார்கள். எங்களுக்குக் கோமாரி, 8.40க்கும் 9.00க்கும் இடையில்.

விநாயகபுரம் தாண்டியதும் யாத்திரைக்காரர்கள் கூட்டம் கூட்டமாக. வேல் பிடித்துக்கொண்டு ஒரு அம்மம்மா, வெறுங்கால், தலையில் துணிப்பொட்டலம். ஓட்டமாவடியிலிருந்து நடக்கிறாராம். ஏன் இவ்வளவு மெதுவாக என்று கேட்டேவிட்டேன். "முந்திப் போய் என்னடா செய்யிற? உகந்தையில காட்டுக் கதவு திறக்க இன்னும் ஒரு கிழமை கிடக்கு." கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் உகந்தையில்தான் காட்டுக்குள் இறங்குவார்கள். மச்சான் என்னைப் பார்த்தான், நான் வேறு பக்கம் பார்த்தேன். கோமாரிக்கு 8.52க்குப் போனேன், மூன்று நாளில் முதல் தடவையாகப் புள்ளி குறையவில்லை.

வழியில் ஓரிடத்தில் புது யானை லத்தி, அந்த இடத்தில் மட்டும் இருவருமே சட்டத்தை மறந்து மிதித்தோம்.

பொத்துவிலில் தயிர்க்கடை. இங்கே மறுபடியும் முதல் நாள் சொன்ன சர்வதேச விதி: கடைசிக் கோட்டில் குதிரையை ஒரே ஒரு தடவைதான் காட்டலாம், இரண்டாவது வாய்ப்புக் கிடையாது. இந்த முறை நான் ஏமாறவில்லை. தூரத்திலேயே இறங்கி உருட்டினேன், தலையை நனைத்தேன், வேப்ப மர நிழலில் வாயைத் திறக்காமல் நின்றேன், பன்னிரண்டாவது நிமிடத்தில் போய்க் காட்டினேன். 86! தயிர் எனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு சட்டியில் கையை வைத்தேன்.

"பொறு. ஓடிக்காட்டு."

துடிப்புத் தேறினால் போதாதாம். நேராக ஓடவிட்டுத் திருப்பி நொண்டுகிறதா என்று பார்ப்பார்கள். போட்டியை விட்டு வெளியே போகிற குதிரைகளில் கூடுதலானவை நெஞ்சால் போவதில்லை, காலால்தான். சந்தேகம் வந்தால் மூன்று வைத்தியர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள், இரண்டு பேர் சொன்னது தீர்ப்பு. மச்சான் கொப்பித் தாளை மூன்றாகக் கிழித்து, தயிர்க்கடை அக்காவுக்கு ஒன்று, ஓட்டோக்காரருக்கு ஒன்று, டியூசன் முடிந்து வந்த அக்காவின் மகனுக்கு ஒன்று கொடுத்தான். நான் வெயிலில் பஸ் தரிப்புவரை ஓடித் திரும்பினேன். வீதியில் நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள், ஒரு நாய் கூடவே ஓடி வந்தது.

ஓட்டோக்காரரின் துண்டில் "நொண்டி". பையனின் துண்டில் "இடது கால் நொண்டி" என்று அழகான கையெழுத்து. அக்கா மட்டும் "நல்லா ஓடுறார்" என்று எழுதியிருந்தார், வியாபாரம் தெரிந்தவர்.

இரண்டு லீற்றர் சட்டி 950 ரூபாய், கித்துள் பாணி தனியாக 300. பந்தயம் கட்டினது நாங்கள் இரண்டு பேர், சாப்பிட்டது நடுவர்களோடு சேர்த்து ஐந்து பேர். சப்பாத்தைக் கழற்றியபோது இடது காலுக்குள்ளிருந்து மிளகளவு கல் ஒன்று விழுந்தது. குதிரைக்கென்றால் ஓட முதலே குளம்பைத் தூக்கிப் பார்த்திருப்பானாம். எனக்கு ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன். வாய் நிறையத் தயிர், பதில் வரவில்லை.